இடது சுட்டுவிரல்

ஆரம்பாக்கம் தாண்டினதும் போன் துடிக்கும்:
ஆந்திரம் தங்களை அன்புடன் வரவேற்கிறது.
கம்பெனி பஸ் தடாவில் நிற்காது.
வரவேற்பு அவ்வளவுதான்.

என் வேலை பொத்தான்.
கூட்டு, குறை, அணை.
ஒவ்வொன்றையும் மும்முறை அழுத்தி
பச்சை எரிந்தால் அடுத்த மேசைக்குத் தள்ளணும்.
ஷிஃப்டுக்கு நானூற்றுப் பத்து போன்.
அதில் ஒன்றை நானும் வாங்கினேன், தவணையில்.
போன மாசம் ஐந்தாம் தேதி தவறியது.
ஆறாம் தேதி விடியுமுன் திரை இருண்டு
கடன்காரன் நம்பர் மட்டும் வெள்ளையாய்த் தெரிந்தது.
நானே அழுத்திச் சரிபார்த்திருக்கலாம் அந்தப் பொத்தானை.
என் பேச்சை அது கேட்கவில்லை.

பெஞ்சலய்யா அண்ணன் தடா கிளைச் செயலாளர்.
கோட்டுக்கு அந்தப் பக்கம் தனித்துப் போட்டி,
இந்தப் பக்கம் கூட்டணி.
கொள்கைக்கும் ரோமிங் உண்டா அண்ணா என்றேன்.
சிரித்தார்.
இல்லை என்று சொல்லவில்லை.

எபிநேசன் ஓட்டே போடாதே என்பான்.
வேலை போனதிலிருந்து படிக்கிறான்.
தாடிக்காரரில் பிடித்து
சிறையிலேயே எழுதி நொந்த இத்தாலிக்காரர் வரை வருவதற்குள்
டீ ஆறிப்போகும். காசு நான் கொடுப்பேன்.
உபரி மதிப்பு என்றான் ஒருநாள்.
சேர்ந்த மூன்றாம் நாளே எனக்கு அது தெரியும்,
பேர்தான் தெரியாது.

எங்கள் ஓட்டு ஏப்ரலில், அவர்களுக்கு மே மாசம்.
உங்க ஸ்டேட் லீவு உங்க ஸ்டேட்டோடு, என்றார்கள்.
இரண்டாம் ஷிஃப்ட் என்பதால் காலையிலேயே போனேன்.
அட்டை மறைப்புக்குள்
பழக்கதோஷம், விரல் மூன்று தரம் அழுத்தியது.
நீளமாய் ஒரே ஒரு பீப்.
சத்தம் வந்துடுச்சே, வாம்மா வெளியே, என்றார் அதிகாரி.
ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அமுங்குகிற பொத்தானை
யார் சார் டெஸ்ட் பண்றாங்க?
நாக்கு வரை வந்தது.
பின்னால் வரிசை, வெயில்.

மை வைத்த பையனுக்குக் கை நடுக்கம்.
நகம் தாண்டி ரேகை வரை வழியவிட்டிருந்தான்,
அந்தப் பூத்தில் எல்லோருக்கும்.

கேட்டில் கருவி சிவந்தது. ஆளைத் தெரியவில்லை.
எனக்குப் பின் ரூபவதி. தெரியவில்லை.
செங்கம்மா. தெரியவில்லை.
ஒரே பஸ்ஸில் வந்த பதினொரு பேர்.
வேற வேலு பெட்டண்டி, என்றான் செக்யூரிட்டி.
வேறு விரல் பதிவில் இல்லை.
ஹைதராபாத்துக்கு மெயில் போயிருக்கிறது,
வரும்வரை உட்காருங்கள்,
அரைநாள் வெட்டு.

டூவீலர் நிழலில் உட்கார்ந்தோம்.
யாரும் எதுவும் திட்டமிடவில்லை,
எழுதும்போது அதைச் சேர்த்து எழுதணும்.
செங்கம்மா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

பதினொரு மேசை காலியானால்
பன்னிரண்டாவதற்கு என்ன வரும்?
பெல்ட் நின்றது.
மேலாளர் ஓடிவந்தார்.
அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை, தொப்பி கையில்.
விரல் வேண்டாம், நோட்டில் கையெழுத்து போதும், உள்ளே வாங்க.

ரூபவதி எழுந்திருக்கவில்லை.
அரைநாள்? என்று மட்டும் கேட்டாள்,
வாயில் முறுக்கோடு.

அவர் தெலுங்கில் போன் பேசினார்.
அப்புறம் இங்கிலீஷில் பேசினார்.
நான்கு நிமிஷம்.
வெட்டமாட்டோம், என்றார் தமிழில்.

கட்சிக்கு டெபாசிட் போச்சு.
பெஞ்சலய்யா அண்ணன்
மொத்தம் எத்தனை நிமிஷம் நின்றது என்று கேட்டு
டைரியில் குறித்துக்கொண்டார். முப்பது.
ஓட்டுக் கணக்கு எழுதியிருந்த அதே பக்கம்.
எபிநேசன் இதற்கு ஒரு பேர் இருக்கிறது என்று ஆரம்பித்தான்.
பஸ் வந்துவிட்டது.
டீக்கு அன்றும் நான்தான்.

ஜூன் மாசம் இப்போது.
மை நகத்தோடு மேலேறி நுனிக்கு வந்திருக்கிறது.
கூட்டு, குறை, அணை.
பக்கத்து மேசையில் ரூபவதி
இன்னும் நகம் வெட்டவில்லை.