அதே இடத்தில்

இன்ஜிர்லியோவா அத்திக் கிடங்கின் பின்னறைக்குச்
சன்னல் கிடையாது.
கருநீல விளக்கின் கீழே நாங்கள் எட்டுப் பெண்கள்.
பட்டையில் ஊர்ந்துவரும் உலர் அத்தியில்
பூஞ்சை நஞ்சு ஏறியது மட்டும்
பச்சையும் மஞ்சளுமாய் மினுங்கும்.
எடு, வாளியில் போடு.
பழத்தைப் பிட்டுப் பார்ப்பதில்லை,
விளக்கு சொல்வதே தீர்ப்பு.

எனக்கு எதிரே ஷெவ்கியே.
அவள் இடது மணிக்கட்டில் ஒரு வட்டம்,
காசளவு, கத்தரிக்காய்த் தோலின் நிறம்,
ஓரம் அளந்து வரைந்ததுபோல் சுத்தம்.
விளக்கடியில் அது மினுங்கவில்லை.
இன்னும் கறுத்தது.

அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்றாள், செப்டம்பரில்.
அக்டோபரிலும் அதே அடுப்பு
அதே இடத்தில் சுட்டது.
நவம்பரில் கொப்புளம்.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
அந்த வெளிச்சத்தில் பற்களும் கண்வெள்ளையும்தான் தெரியும்,
அதுவே போதுமாயிருந்தது.
அவள் புருஷன் ரிஃபாத்
சிகரெட் பிடிப்பவன்.

மறுநாள் தேநீர்க்கடை வாசலில்
அவன் சொன்ன சலாமை
நான் தரையில் விழவிட்டேன்.
என் கொழுந்தன் அவனோடு சீட்டாடுவதை நிறுத்தினான்.
காரணம் யாரும் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை,
கேட்காததையும் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

ஐதின் நகரத்துத் தோல் மருத்துவர்
கையைப் பார்த்தது கால் நிமிடம்,
தேதி கேட்டது கால் மணி நேரமாம்.
எப்போது வரும் இது?
மாதம் ஒருமுறை.
மாதம் ஒருமுறை வேறென்ன வரும்?
ஷெவ்கியே சிரித்துவிட்டாளாம்.
அடிவயிற்றைப் பிழிந்து முறுக்கும் முதல் நாள்,
பட்டைக்கு முன்னால் நிற்க வேண்டுமே என்று
தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கும்
ஒரே ஒரு நாப்ராக்சன்.

ஊருக்கெல்லாம் வலி தீர்க்கிற மாத்திரை.
அத்தி பூத்தாற்போல் யாருக்கோ இப்படி ஆகும் என்றார்.
எனக்கு மாதாமாதம் பூத்ததே, என்றாள் இவள்.
உடம்பெல்லாம் சுற்றிவரும் மருந்து
வம்புக்கு நிற்பது
அந்த ஒரு காசளவில் மட்டும்.

அன்றே நான் ரிஃபாத்திடம் போயிருக்க வேண்டும்.
நாளைக்கு என்றேன்.
பிறகு, சுமை அனுப்பிய பிறகு என்றேன்.

ஜனவரி, இரவு வேலை, கடைசிச் சுமை.
ஷெவ்கியே வாளியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.
வெந்நீர்ப் பை வீட்டில் இருந்தது.
என் பையில் ஒரு மாத்திரை,
என் மகனின் கடைவாய்ப் பல்லுக்குத் தந்ததில் மிச்சம்.
இது அது இல்லையடி, நிறமே வேறு,
பெயரே வேறு, என்றேன்.
உண்மைதான்.
பெரிய எழுத்தில் வேறு பெயர்.
தகட்டின் பின்னால் பொடி எழுத்து,
பாதி கிழிந்திருந்தது,
அந்த விளக்கில் அது படிக்காது.
அவள் பார்க்கவுமில்லை. என்னைப் பார்த்தாள், விழுங்கினாள்.

தேநீர் இடைவேளைக்கு முன்பே சொறியத் தொடங்கினாள்.
பழைய வட்டம் சிவந்து எரிய,
பக்கத்தில் குட்டியாய் இன்னொன்று.
அது நான் சுட்டது.

அதிகாலை வாசலில் ரிஃபாத்,
மோட்டார் சைக்கிளை அணைக்காமல்.
நான்தான், என்றேன். மாத்திரை என்னுடையது.
அந்த சலாமைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன்.
அவன் அவள் கையைத் திருப்பிப் பார்த்தான்.
பெயர் என்ன அதற்கு?
கிழிந்த தகட்டை நீட்டினேன்.
முன்விளக்கின் முன் குனிந்து
உதடசைத்து எழுத்துக்கூட்டிப் படித்தான்,
சிகரெட் பெட்டிக்குள் செருகிக்கொண்டான்.
பட்டியலில் இதையும் எழுதணும், என்றான்.
வருகிறோம், ஹஜேர் அக்கா.

நான் கையைத் தூக்கினேன்.
அவன் பார்த்தானா, தெரியவில்லை,
முன்விளக்கு கண்ணில் அடித்தது.