மூன்று நீலம்

கண்டெய்னருக்குள் விமானம் கட்டுகிறான் எலிசேயோ.
இறக்கை இல்லை, வால் இல்லை,
மூக்கு மட்டும்.
அதுவும் உள்பக்கம் மட்டும்.

புந்தா அரேனாஸில் காற்று
ஆளைக் கேட்டுக்கொண்டு அடிப்பதில்லை.
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
இந்த ஊரில்
ரசமட்டம் வைத்துச் சுவிட்ச் பலகை பொருத்துகிறான் ஒருவன்.

பகலெல்லாம் சால்மன் ஆலையில்
குளிர் அறைகளுக்கு வைத்தியம்.
இரவெல்லாம் ரம்பச் சத்தம்.
சண்டை போடத்தான் போனேன்.
கழித்துக்கட்டிய பேருந்து இருக்கையைக் காட்டி
"நெலிதா, நீ மெத்தை தைக்கிறவள்தானே,
இது கேப்டனுக்கு" என்றான்.
வந்த காரியம் மறந்து
துணி அளந்தேன்.

மூடிப்போன கோழிக்கடையின்
ஆர்டர் திரைகள் இரண்டு
அவன் முன் விமானத் திரைகளாக நின்றன.
ஓரத்தில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு.
உயரமும் வேகமும் வர வேண்டிய இடத்தில்
ஒருநாள்
'பெரிய உருளைக்கிழங்கு, கூடுதல் சாஸ்' என்று வந்தது.
சிரித்த சிரிப்பில் திருகாணி டப்பா கவிழ்ந்தது.
குளிர் அறையிலிருந்து நேரே வந்த விரலைத்
திரை விரலென்றே ஒப்புக்கொள்ளாது.
அக்குளில் வைத்துச் சூடாக்கித் தொடுவான்,
முட்டையை அடைகாப்பதுபோல.

என்ஜின் நெம்புகோல்கள் இரண்டும்
பழைய குளிர் அறைக் கதவின் கைப்பிடிகள்.
தலைக்கு மேல் பலகையில்
கையால் போட்ட நூற்றுப் பன்னிரண்டு துளை.
ஒன்று கோணல்;
எரிபொருள் பம்ப்.
"நிஜ விமானத்திலும் ஒன்று கோணலாய்த்தான் இருக்கும்" என்றான்,
நிஜ காக்பிட்டில் உட்கார்ந்தே இராதவன்.

உட்கார விடவில்லை.
பத்தொன்பது வயதில்
புள்ளிகள் நிறைந்த அட்டையை நீட்டி
என்ன எண் என்று கேட்டார்களாம்.
அவனுக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன.
சிவப்பும் பச்சையும் அவன் கண்ணில்
ஒரே வைக்கோல்.
யாரும் பச்சைக்கொடி காட்டவில்லை.
காட்டியிருந்தாலும்
அவனுக்குத் தெரிந்திருக்காது.

முதலில் இதை எனக்குச் சொன்னது
அவனல்ல, புகை.
எங்கோ போக வேண்டிய கம்பி எங்கோ போயிருந்தது.
கருகிய வாடையோடு கதவைத் தட்டினான்.
கைநிறையக் கம்பிச் சுருள்.
"எது எது?" என்றான்,
தரையைப் பார்த்து.

நான் நூல்காரி.
பழுப்பில் மட்டுமே முப்பதுக்குப் பெயர் தெரியும்.
சமையல் மேசையில் பிரித்துப் போட்டேன்.
சிவப்புக்கு ஒரு முடிச்சு,
பச்சைக்கு இரண்டு.
விடிவதற்குள்
அவன் விரல்கள் நிறம் பார்க்கப் பழகிவிட்டன.

சக்கரம் இறங்கிப் பூட்டினால்
மூன்று பச்சை விளக்கு எரிய வேண்டுமாம்.
எங்கள் விமானத்தில்
மூன்று நீலம்.
திரையிலும் பச்சை இருந்த இடமெல்லாம் மாற்றினான்.
பார்வைச் சோதனை வைக்காத விமானம் அது.

ஆகஸ்டில் ஓர் இரவு பறந்தோம்.
வெளியே நூற்றுப்பத்து கிலோமீட்டர் காற்று
கண்டெய்னரை உலுக்கியது.
உள்ளே அவன் வானிலையில் காற்று பூஜ்யம்.
"ஆட்டம் இலவசம்" என்றான்.
ஜலசந்தி கீழே கறுப்பாய்ப் போயிற்று.
எங்கள் தெருவைத் தேடினேன்.
புல்தரை இருந்தது. நான்கு ஆடுகூட இல்லாத புல்தரை.
என் வீடு இல்லை, கண்டெய்னர் இல்லை.
"நாம் இல்லையே, எலிசேயோ."
"மேலே இருக்கிறோமே."

அப்புறம் அவன் பேசவில்லை.
ஓடுபாதை விளக்குகள் வந்தன.
அவற்றின் நிறத்தை என்னிடம் கேட்கவும் இல்லை.
"சக்கரம்" என்றான்.
இறக்கினேன்.
"சொல்."
"இரண்டு நீலம்."
நெம்புகோலில் அவன் கை அப்படியே நின்றது.
வேலையிலிருந்து நேரே வந்தவள்,
விரலில் தையல் கவசம் இருந்தது;
அதனால் பலகையை ஒரு தட்டுத் தட்டினேன்.

"மூன்று."