நான்காவது எண்

டிசம்பரில் ரீகாவில் மூன்றரைக்கே இருட்டத் தொடங்கிவிடும்.
நிறத்துக்காகத்தான் என் அவசரமெல்லாம்.
ஆழம் காத்திருக்கும்,
கருவி தன் அகச்சிவப்பைத் தானே கொண்டுவருகிறது.

அவோத்து தெரு, நான்காம் மாடி, லிஃப்ட் இல்லை.
கதவைத் திறந்தவர் பெயர் ஔஸ்மா.
வீட்டை விற்கிறார்.
வாங்கப்போகும் இந்துலிஸ் டப்ளினில் இருக்கிறார்,
திரைக்குள்ளேயே நடந்து பார்த்துக்கொள்வார் என்றேன்.
"செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே?" என்றார்.

ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு எண்கள்:
சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு,
பிறகு, என்னிடமிருந்து எத்தனை மில்லிமீட்டர்.
முதல் மூன்றும் பொருளுக்குச் சொந்தம்.
நான்காவது
எங்கள் இருவருக்கும் இடையில் கிடக்கிறது.

சமையலறையில் கெட்டில், ஆயிரத்து நூற்று நாற்பது.
அதன் ஆவிக்கு எண் கிடைக்கவில்லை.
ஜன்னல் கண்ணாடி கணக்கிலேயே வராமல்
எதிர்வீட்டுக் கூரைப்பனி கொஞ்சம்
மேசைமேல் வந்து உட்கார்ந்தது.
பூனை பாதியில் எழுந்து போனதால்
நாற்காலியில் ஒரு தலை, கதவருகே ஒரு முதுகு.
"பூனை விலையில் சேராது" என்றார் ஔஸ்மா.
இரண்டு பூனைகளையும் அழித்தேன்.

படுக்கையறை அலமாரியில் ஆளுயரக் கண்ணாடி.
சுவருக்கு அந்தப்பக்கம் இன்னோர் அறை இருப்பதாகக்
கருவி மனதார நம்பியது.
அங்கேயும் முக்காலியோடு ஒருத்தி.
வழக்கம்போல்
அவளை அறையோடு வெட்டி எறிந்தேன்.

கடைசியாக நடைவழி.

ஆணியில் ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டு.
போன ஒளி திரும்பி வரவில்லை.
மூன்று இடங்களில் நின்று பார்த்தேன், குனிந்தும் பார்த்தேன்.
நான்காவது எண் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
எங்கள் தொழிலில் பூஜ்யம் என்றால்
ஒட்டி நிற்கிறது என்று பொருளல்ல,
தெரியவில்லை என்று பொருள்.
திரையில் ஓர் ஆணின் தோளகலத்துக்கு ஓட்டை,
தொலைவு தொலைந்துபோன இடம்.

யாருடைய கோட்டு என்று நான் கேட்கவில்லை.
மென்பொருள்தான் கேட்டது:
ஓட்டையை நிரப்பட்டுமா?

ஔஸ்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.
"எதை வைத்து நிரப்பும்?"
"சுற்றி இருப்பதை வைத்து."
"சுற்றி இருப்பதை வைத்தா," என்றார் மறுபடியும்,
விலை கேட்டுவிட்டுப் பொருளைத் திரும்ப வைப்பவர் மாதிரி.

பிறகு கோட்டை ஆணியிலிருந்து எடுத்தார்.
சட்டைப்பைகளைத் தடவிப் பார்க்கவில்லை.
வெளியே படிக்கட்டுக் கைப்பிடியில் போட்டுவிட்டு வந்து
"இப்போது எடுங்கள்" என்றார்.

எடுத்தேன்.
எண்ணூற்று எழுபது, எண்ணூற்று எழுபது,
எண்ணூற்று எழுபத்தொன்று.
ஒழுங்கான சுவர்.
ஆனால் வெளுத்த சுவர்த்தாளின் நடுவில்
வெயில் படாத பச்சை,
காலர், தோள், தொங்கும் கை உட்பட.

விளக்கைப் போட்டால் மறையுமோ என்று போட்டேன்.
மறையவில்லை.
சரிசெய்யும் தூரிகை என்னிடம் உண்டு,
இரண்டு நிமிட வேலை.
ஔஸ்மா கெட்டிலை மறுபடி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.
தூரிகையை எடுக்கவில்லை.

இறங்கும்போது படிக்கட்டு குறுகல்.
கைப்பிடியில் கிடந்த கோட்டுக்கு
சற்று ஒதுங்கி வழிவிட்டேன்.
ஒரு மாடி இறங்கிய பிறகுதான்
செய்தது உறைத்தது.

இரவு பதினொன்றுக்கு இந்துலிஸிடமிருந்து செய்தி:
வீடு பிடித்திருக்கிறது,
நடைவழியில் நிற்பது என்ன, ஈரக் கசிவா?

அளவுகளை மறுபடி திறந்து பார்த்துவிட்டு எழுதினேன்:
கசிவு இல்லை.
சுவர் தட்டையாகத்தான் இருக்கிறது.
அங்கே இருப்பது நிறம் மட்டும்.