பிடிபட்ட இடம்

ஜெனீவா மாநாட்டு மண்டபத்தின் கீழ்த்தளத்தில்
தட்டுக் கழுவும் இயந்திரத்துக்கும் குளிரறைக்கும் நடுவே
என் வேலை.
மேலே என்ன நடக்கிறதென்று
திரும்பி வரும் தட்டுகள் சொல்லும்.
சண்டையென்றால் ரொட்டி மிஞ்சும்.
சமாதானமென்றால் இனிப்புக் கிண்ணம்
வழித்து நக்கியபடி வரும்.

புதன்கிழமை, வடமுனை மக்களின் உணவு உரிமை.
பத்தரைக்கு ஒருத்தி படியிறங்கி வந்தாள்.
கழுத்தட்டையில் சியாசி என்றிருந்தது.
கையில் செய்தித்தாள் சுற்றிய மீன்,
விறகுக்கட்டை போல விறைத்து.
ஓட்டல் பெட்டி சரியாகக் குளிராது,
இங்கே வைக்கலாமா என்றாள்,
எங்கள் இருவருக்கும் கடனாய்க் கிடைத்த பிரெஞ்சில்.

சீட்டு ஒட்டாத எதுவும் உள்ளே போகக்கூடாது.
பொருள். நாள். எடை. பிடிபட்ட இடம்.
கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.
(எனக்கும் ஒருவர் அந்தக் கட்டத்தை நிரப்பினார்:
பாசல் ரயிலடி, நான்காம் மேடை.)
அண்ணன் வலை, என்றாள். பனிக்கு அடியில்.
ஏரியின் பெயரைச் சொன்னாள்.
தொண்டையின் அடியிலிருந்து ஒரு ககரம்,
நம் நெடுங்கணக்கில் இல்லாதது.
கட்டத்தை வெறுமையாய் விட்டு
உரிமையாளர் என்ற இடத்தில்
என் பெயரை எழுதினேன்.

கைபேசியில் அவர்கள் ஊர்க் கடையைக் காட்டினாள்.
ஒரு முட்டைக்கோஸின் விலைக்கு
இங்கே இரண்டு பேர் மதியம் சாப்பிடலாம்.
விமானம் வராத வாரம் அந்த விலையும் இல்லை.
கடல் இப்போது பிந்தி உறைகிறது,
வேட்டைக்குப் போய்வரும் பெட்ரோலுக்கு
வேட்டை கட்டுப்படியாகவில்லை.
பொருளாதாரத் தடைக்காலத்தில்
ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரு கட்டிச் சவுக்காரம்
என்ன விற்றதென்று எனக்கு இன்னும் மனப்பாடம்.
சொல்லவில்லை.
விலைப்பட்டியலுக்கு விலைப்பட்டியல் ஆறுதலா?

மதியம் மறுபடி வந்தாள்.
அவளுடைய பிறைவடிவக் கத்தி
வாசல் காவலரின் பிளாஸ்டிக் பெட்டியில்
எண் போட்டு உட்கார்ந்திருந்தது.
நான் கொடுத்ததைப் பார்த்துச் சிரித்தாள்:
இது ஆளைக் குத்துவதற்கு.
அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்து
உறைந்தபடியே சீவினாள்.
முதல் துண்டு ஹப்தோமுக்கு. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.
எனக்கு முதலில் குளிர்தான் தெரிந்தது,
பிறகு கொழுப்பு,
பிறகு பேர் தெரியாத ஒரு தண்ணீர்.
சோயா சாஸ் இருக்கிறதா என்றாள்.
இருந்தது.

இரண்டு மணிக்கு மிச்சத் தொட்டியை நிறுத்தோம்.
அது இங்கே விதி.
நாற்பத்தொரு கிலோ.
அவள் முள்ளைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்,
கை கழுவிக்கொண்டு மேலே போனாள்.
அவளுக்கு மூன்று நிமிடம்.
சமையலறை ஒலிபெருக்கியில் கேட்டோம்,
நாய்களுக்கு என்ன போடுகிறோம் என்று
சொல்லத் தொடங்கும்போது
தலைவர் நன்றி சொன்னார்.

வெள்ளிக்கிழமை சுகாதார அதிகாரி வந்தார்.
பாதி மீன் என் பெயரோடு அங்கேயே இருந்தது.
சீட்டில் விரலை ஓட்டி
வெறுங்கட்டத்தில் நிறுத்தினார்.
எங்கே பிடிபட்டது?

நான் அந்த ஏரியின் பெயரைச்
சொல்லிப் பார்த்தேன்.
தொண்டையில் முள் சிக்கிவிட்டதென்று நினைத்து
ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.