குப்பனூர் வழி

ஸ்கேன் அறையில் முதல் கேள்வி:
"எத்தனை வருசமாக் குடிக்கிறீங்க?"
டீ மட்டும்தான் என்றாள் பவளக்கொடி,
என் வயிற்றுப் பசையைத் துடைத்தபடி.

கல்லீரல் நல்லாத்தான் இருக்காம்.
சுருக்கம் இல்லை, புற்று இல்லை.
அதற்குள் போகும் வாசல் குழாயில் மட்டும்
உறைந்து நிற்கிறது ரத்தம்.
ஏன் என்று தெரியவில்லை;
சென்னைக்குப் போயிருக்கிறது
இன்னொரு குப்பி.

தொப்புளைச் சுற்றிப் பத்து நாள் ஊசி.
அப்புறம் மாத்திரை,
ஆறு மாசத்துக்குக் குறையாமல்.
சவரத்துக்கு பிளேடு வேண்டாம்.
மிளகு மூட்டை ஏற்றும்போது முள்ளுக்கம்பி, கவனம்.
மலம் கறுத்தால் அன்றைக்கே வா.

டாக்டர் சாந்தகுமாரி சீட்டின் பின்புறம் வரைந்தார்:
அடைத்த குழாயைச் சுற்றி
நூல்நூலாய்ப் புதுக் குழாய்கள்.
எனக்குப் புரிந்தது.
பதினெட்டாம் வளைவில் பாறை சரிந்த வாரம்
ஏற்காட்டுக்குக் காய்கறி எல்லாம்
குப்பனூர் வழியாகத்தான் ஏறியது.
ரொம்பச் சந்தோசப்படாதீங்க என்றார்.
சின்ன ரோட்டில் பெரிய பாரம்,
எங்கேயாவது உடைக்கும்.

ராத்திரி எட்டு மணி அலாரம்.
டெம்போவை ஓரங்கட்டுகிறேன்.
கீழே சேலம் முழுக்க விளக்கு.
பின்னால் பஸ்காரன் விடாமல் ஹாரன்.
இருய்யா,
முழுங்கிக்கிறேன்.