கடைசி வண்டி

சிக்குன்குனியா வந்த மார்கழியில்
பைப்பைத் திருக விரல் மடங்கவில்லை.
பிரஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்துப்
பல்லுத் தீட்டினேன்.
தை பிறந்தும் குந்தி எழும்ப ஏலாது.
மாசியில் பதிவுக் காசு கட்டினேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
அன்றைக்குத்தான் முதல்முறை
கைபிடியைத் தொடாமல் படியிறங்கியிருந்தேன்.

பிறரின் எலும்பைப் பார்ப்பது என் வேலை.
"மூச்சைப் பிடியுங்கோ. இனி விடுங்கோ."
நாளைக்கு நூறு தரம்.
நாற்பது தாண்டிய சிலரின் படத்தில்
எதிர்பாராத இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும்.
அவர்களும் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை.

பங்குனியில் ஒரு பின்னேரம்
கடைசி ஆளும் போனபின்
என் இடது முழங்காலை மேசையில் வைத்தேன்.
புதிதாய் வந்த பிள்ளை பட்டனில் விரலோடு
"மூச்சைப் பிடியுங்கோ மிஸ்" என்றாள்.
முழங்காலுக்கு அது தேவையில்லை.
ஆனாலும் பிடித்தேன்.
மூட்டின் இடைவெளி ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது,
ஒழுங்கை முடியுமிடத்தில்
இரண்டு மதில்கள் நெருங்குவதுபோல.

ஆவணி ஞாயிறு, விடிய ஐந்தேகால்.
முற்றவெளியில் விசில் ஊதினார்கள்.
பண்ணைத் தாம்போதியில் ஏறியதும்
சோளகம் முகத்தில் அறைந்தது.
சட்டையில் குத்திய இலக்கத் தாள் படபடத்து
ஊசியொன்று கழன்று எங்கோ போயிற்று.
இரு பக்கமும் கடல், முழங்காலளவு.
கூடு பார்க்கிற ஒருவர்
தண்ணீருக்குள் நடந்தே போய்க்கொண்டிருந்தார்.
அவருடைய முழங்கால்களைத்தான் பார்த்தேன்.
பொறாமை.

மண்கும்பானில் திரும்பினோம்.
ஒரு பெடியன் மணிக்கட்டில் பச்சை நாடா கட்டினான்,
இவ்வளவு தூரம் வந்ததற்குச் சாட்சி.
இனி காற்று முதுகில், இனி லேசு
என்று நினைத்துப் பத்து நிமிடம் இராது,
அல்லைப்பிட்டிக்கு முன்னம்
முழங்கால் பூட்டிக்கொண்டது.
முதலில் நோவில்லை.
உள்ளிருந்து யாரோ தாழ்ப்பாள் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

கிலோமீற்றர் கல்லில் குந்தியிருந்தேன்.
எல்லாரும் போனார்கள்.
கடைசியாய் ஒரு சுவாமியார், அறுபதிருக்கும்,
என்னைக் கடக்கும்போது மன்னிப்புக் கேட்டார்.

பிறகு அம்புலன்ஸ். அருளப்பு அண்ணை.
என் அறை வாசலில் ஆட்களை இறக்கி
"மிஸ், அவசரம்" என்று கத்துகிறவர்.
"ஏறுங்கோ."
"இல்லை அண்ணை."
"கடைசி ஆளுக்குப் பின்னாலதான் நான் வரவேணும்.
நீங்கள் ஏறினாத்தான் எனக்கு வீடு."
"அப்ப மெல்ல வாங்கோ."

அவர் வானொலியைப் போட்டார்.
மரண அறிவித்தல் போய்க்கொண்டிருந்தது.
அனலைதீவைப் பிறப்பிடமாகவும்,
கொக்குவிலை வதிவிடமாகவும்.
பிறப்பிடமாகவும் என்றால் வலது கால்.
வதிவிடமாகவும் என்றால்
இடுப்பிலிருந்து இழுத்து இடது கால்.
மருமக்கள், பேரப்பிள்ளைகள் நீளமாய் வந்த வீடுகளுக்கு
மனதுக்குள் நன்றி சொன்னேன்.
ஒரு கிழவருக்கு ஒருவருமில்லை.
அந்த இடத்தில் தடுமாறிவிட்டேன்.

மண்டைதீவுச் சந்தியில், ஒரு உதறலில்,
தானாய்த் திறந்தது.
ஓடினேன்!
ஐந்நூறு மீற்றர் இருக்கும்.
ஹோர்ன் அடித்துக்கொண்டு அண்ணை வந்தார்,
கலியாண வண்டிபோல.
பிறகு மறுபடி பூட்டு.
இந்த முறை நோவு, வஞ்சகமில்லாமல்.
கோட்டை மதில் தெரிந்தது,
வெகு நேரம் தெரிந்துகொண்டேயிருந்தது.

முற்றவெளியில் காற்றுப் போன வளைவை
நாலு பேர் மடித்துக்கொண்டு நின்றார்கள்.
நேரம் பதிகிற பாயைச் சுருட்டியாயிற்று.
கோடு எது என்று கேட்டேன்.
தும்புத்தடியோடு நின்ற அக்கா
"இதில எங்கையோதான்" என்றா.
அந்த எங்கையோவை இரண்டு தரம் தாண்டினேன்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

அருளப்பு அண்ணை இறங்கி
வண்டியின் ஓட்டப் புத்தகத்தைப் பொனற்றில் வைத்து எழுதினார்.
புறப்பட்டது 5.15. சேர்ந்தது 9.02.
தூரம் இருபத்தொன்று.
நோயாளி என்ற இடத்தில் பேனையை வைத்து
என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு,
இல்லை என்று எழுதினார்.

திங்கள் காலை எட்டு மணிக்கு வேலை.
படிகளில் பின்பக்கமாய் இறங்கினேன்,
இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்துக்கொண்டு.