காது வைக்கும் வேலை

இரவு இரண்டே கால். அங் மோ கியோ அவென்யூ மூன்று.
பேருந்துகள் படுத்துவிட்டன.
இரும்புக் கோலின் ஒரு முனையைத் தார்ச்சாலையில் ஊன்றி
மறுமுனையில் வலது காதை வைக்கிறேன்.
இடது காதை
தேசிய சேவையில் ஒரு பீரங்கியிடம் கொடுத்துவிட்டேன்.

ஹைருல் ஆரஞ்சுக் கூம்புகளை நட்டுவிட்டு
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.
அவன் சட்டைக்கை உரசினாலும்
எனக்கு அது ஓர் ஆறு.

நல்ல குழாய் வாய் திறக்காது.
ஓட்டைக் குழாய்,
காய்ந்த எண்ணெய் கடுகுக்குக் காத்திருக்கும்போது
சட்டிக்குள் கேட்குமே ஒரு சன்னமான இரைச்சல்,
அப்படி.
கேட்ட இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவேன்.
விடிவதற்குள் ஆட்கள் வந்து தோண்டுவார்கள்.

சில இரவுகளில் அந்த இரைச்சல் கசிவு அல்ல.
பதினோராம் மாடியில் யாரோ குளிக்கிறார்கள்.
பணி முடிந்து வந்த தாதியாக இருக்கலாம்.
தூக்கம் வராத டாக்ஸிக்காரராகவும் இருக்கலாம்.
நீண்ட குளியல். காத்திருக்கிறேன். நிற்கிறது.
வட்டம் போடாமல் நகர்கிறோம்.
அது செலவு; விரயம் இல்லை.
இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டுக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

எந்தத் தண்ணீர் என்று கோல் சொல்லாது.
பாலத்தோடு ஒட்டி எல்லை தாண்டியதா,
நேற்று மாலை இடியோடு கொட்டிக்
கால்வாய் பிடித்து நீர்த்தேக்கம் சேர்ந்ததா,
உப்பை உதறிவிட்டுக் கரையேறிய கடலா,
ஆயிரம் வீட்டுக் கழிவறை பார்த்து
சவ்வுகளுக்குள் நுழைந்து
வேறு பெயரில் திரும்பி வந்ததா?
ஒப்பந்தம், மேகம், கடல், சாக்கடை
நான்குக்கும்
மண்ணுக்கடியில் ஒரே குரல்.

சமூக மன்றத்தில் கூட்டம் போட்டார்கள்.
"விலை என்பது ஒரு நினைவூட்டல்" என்றார் அதிகாரி,
இளைஞர், திரையில் அழகான வளைகோடுகள்.
பின்வரிசையில் ஒரு மாது கையைத் தூக்கினார்:
"நான்கு பேர் வீட்டுக்கும் ஏழு பேர் வீட்டுக்கும்
ஒரே நினைவாற்றலா தம்பி?"
அவர் குறித்துக்கொண்டார்.
எனக்கும் அதற்குப் பதில் தெரியாது.

கட்டணம் கூடிய மாதம்
யோகேஸ்வரி பில்லை என் சாப்பாட்டுத் தட்டருகே வைத்தாள்.
புளோக்கில் மற்ற வீடுகளின் கம்பம் இடுப்பளவு.
எங்கள் கம்பம் தலைக்கு மேல்.
"நாட்டுக்கே காது வைக்கிற ஆளு..." என்றாள்.
மீதி வாக்கியத்தைக்
கரண்டியோடு எடுத்துக்கொண்டு போனாள்.

தொட்டி மூடியைத் திறந்து
ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டேன்.
கால் மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது என்று
மகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.
பிறகு போய்ப் பார்த்தால்
யாரும் அழுத்தாமலே
வெள்ளைக் கிண்ணத்தில் மஞ்சள் ஒழுகுகிறது,
விழாவுக்குக் கலக்கியதைப் போல.

எத்தனை மாதமோ.
என் கட்டிலுக்கு இடப்பக்கம்தான் அந்தச் சுவர்.
தெருத்தெருவாக நான் தேடியது
ஒவ்வோர் இரவும்
பீரங்கி எடுத்துக்கொண்ட காதில் வந்து
இரைந்திருக்கிறது.

ரப்பர் வளையம் மூன்று வெள்ளி.
மாற்றிவிட்டு, பழக்கத்தில்,
தரை ஓட்டில் ஒரு வட்டம் போட்டுவிட்டேன்.
இரண்டு வாரமாக அது அங்கேயே இருக்கிறது.
கழுவலாமே என்றேன்.
தண்ணீர் ஆகுமே என்கிறாள்.